எஃப்எம் போட்டிக்கு அனுப்பிய எஸ்எம்எஸ்: போன பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

நுகர்வோர் வழக்கறிஞர் பதில்

வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்யும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயர், ஊர், அவர் குறிப்பிடும் வானொலி நிலையம், செல்பேசி நிறுவனம் ஆகியவற்றை இங்கே தவிர்த்திருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

வேலை நேரம் முழுவதும் அவர் பக்கத்தில் எஃப்எம் ஒலித்துக்கொண்டிருக்கும். பிடித்த பாட்டைக் கேட்பதற்கும், காலை நேரப் புதிருக்கு விடை சொல்வதற்கும் நிகழ்ச்சியில் அறிவிக்கப்படும் ஐந்து இலக்க எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது அவர் வழக்கம். நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் இலவசம் என்ற பேக் போட்டிருப்பதால் இதற்குச் செலவே இல்லை என்று நம்பியிருக்கிறார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவ்வப்போது டாப்-அப் செய்து வைத்த தொகை கரைந்துகொண்டே போகவே, வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்துக் கேட்டிருக்கிறார். அப்போதுதான் விவரம் தெரிந்தது. அந்த எண்ணுக்கு அனுப்பும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் 3 ரூபாய். அது போக, கேட்டதாக நினைவே இல்லாத ‘தினசரி சினிமா தகவல்’ சேவைக்கு நாள்தோறும் 5 ரூபாய். மூன்று மாதத்தில் மொத்தம் 640 ரூபாய் போயிருக்கிறது. எஸ்எம்எஸ்களில் சில, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அனுப்பியவை.

போன வாரம் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. “புதிர்ப் போட்டியில் ஸ்கூட்டர் விழுந்திருக்கிறது, வரிக்காக 4,800 ரூபாயை இந்த எண்ணுக்கு யுபிஐ மூலம் அனுப்புங்கள்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வாசகி இன்னும் அனுப்பவில்லை. “அனுப்பியது உன் விரல்தானே, இதில் யாரைக் குறை சொல்வாய்?” என்கிறார் கணவர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் புகார் எழுதியும் பணம் வரவில்லை. 640 ரூபாயைத் திரும்பப் பெற வழி உண்டா, வானொலி நிலையத்தின் மீது ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா, 4,800 ரூபாயைக் கட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை இரண்டு நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

4,800 ரூபாயை அனுப்பாதீர்கள்

பரிசுக்கு வரி கேட்பதாலேயே ஒருவர் மோசடிக்காரர் ஆகிவிடுவதில்லை. போட்டியில் கிடைக்கும் பரிசுக்கு நம் நாட்டில் 30 சதவீத வருமான வரி உண்டு. அதன் மேல் விதிக்கப்படும் செஸ் என்ற கூடுதல் வரியைச் சேர்த்தால் 31.2 சதவீதம். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவரே வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும். பரிசு பணமாக இல்லாமல் பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும். ஆகவே உண்மையான போட்டி நடத்துபவரும் உங்களிடம் வரித்தொகையைக் கேட்க நேரலாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஸ்கூட்டரின் விலை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி ஏறக்குறைய 28,000 ரூபாய். 4,800 எந்தக் கணக்கில் வருகிறது? தவிர, உண்மையான நிறுவனம் உங்கள் பான் எண்ணைக் கேட்கும், பணத்தைத் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வாங்கும், வரி பிடித்ததற்குச் சான்றிதழ் தரும். தனிநபரின் செல்பேசி எண்ணுக்கு, அதுவும் ‘இன்று மாலைக்குள்’ அனுப்பச் சொல்லாது. வானொலியில் ஒருவர் பெயரும் ஊரும் சொல்லி வெற்றியாளர் என்று அறிவிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு ஆட்கள் இப்படி அழைப்பதும் உண்டு. ஆகவே உங்கள் பெயரைச் சரியாகச் சொன்னார்கள் என்பது எதற்கும் சாட்சி ஆகாது. நிலையத்தின் அலுவலகத்தை நீங்களாகவே அழைத்து, அப்படி ஒரு பரிசு உண்டா என்று கேளுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணில் கேட்காதீர்கள்.

ஒருவேளை இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகு பணத்தை அனுப்பியிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் புகார் பதிவானால்தான் அதை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கும்.

640 ரூபாயை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

நீங்களும் உங்கள் கணவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறீர்கள். நீங்கள் 640 ரூபாய் முழுவதையும் கொள்ளை என்கிறீர்கள். அவர் முழுவதையும் உங்கள் தவறு என்கிறார். சட்டம் இரண்டையும் ஏற்காது. இதில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது.

ஒன்று, நீங்களே அனுப்பிய எஸ்எம்எஸ்களுக்கான 3 ரூபாய். உங்கள் பேக்கில் உள்ள 100 எஸ்எம்எஸ் சாதாரண செல்பேசி எண்களுக்கு அனுப்புவதற்கு. ஐந்து இலக்கக் குறுங்குறியீட்டு எண்கள் பெரும்பாலும் அந்தச் சலுகைக்குள் வருவதில்லை. பேக்கின் விதிமுறையில் பொடி எழுத்தில் இது இருக்கும். அந்தத் தொகை பேக்கில் கழியாமல், டாப்-அப் செய்து வைத்திருக்கும் முதன்மை பேலன்ஸில் கழிகிறது. நீங்கள் டாப்-அப் செய்யாமலே இருந்திருந்தால் கழிக்க எதுவும் இருந்திருக்காது. அந்த 3 ரூபாயும் முழுதாக வானொலி நிலையத்துக்குப் போவதில்லை. செல்பேசி நிறுவனம், அந்தக் குறுங்குறியீட்டை இயக்கும் இடைநிலை நிறுவனம், நிலையம் என்று மூவரும் ஒப்பந்தப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். பணம் உங்களிடமிருந்து கழிவது செல்பேசி நிறுவனத்தின் கையால் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யாரிடம் முதலில் கேட்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்த வகைப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். அசாத்தியம் என்று சொல்லமாட்டேன். அதிகக் கட்டணச் சேவைகளின் விளம்பரம் எதுவானாலும் அதில் கட்டணம் குறிப்பிடப்பட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே டிராய் செல்பேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அறிவிப்பாளர் நிகழ்ச்சியில் கட்டணத்தைச் சொன்னாரா என்பதே இங்கே கேள்வி. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருந்தால் அது கட்டணத்தைச் சொன்னதாகாது. மாறாக ஒருமுறையாவது ‘ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 3 ரூபாய்’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், அன்று நீங்கள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தீர்கள், காதில் விழவில்லை என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது வகை, அந்தத் தினசரி சினிமா தகவல். உங்கள் வழக்கின் பலமே இதில்தான் இருக்கிறது. இது போன்ற கூடுதல் சேவை எதையும் வாடிக்கையாளரின் இரட்டை ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று 2013 ஜூலையில் டிராய் உத்தரவிட்டது. நீங்கள் ஒருமுறை கேட்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகு இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது உறுதி இல்லையென்றால் சேவை தொடங்கியதே தவறு. நீங்கள் ஒப்புதல் தரவில்லை என்று நிரூபிக்கத் திணற வேண்டாம். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வழியில் இரண்டு ஒப்புதல்களும் வந்தன என்று காட்டச் சொல்லி அவர்களைக் கேளுங்கள். அந்தப் பதிவு அவர்கள் கையில்தான் இருக்கும்.

இதில் உங்கள் பக்கம் ஓர் ஆபத்தும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். புதிருக்கு விடை அனுப்பிய கையோடு வந்த ஏதோ ஒரு செய்திக்கு நீங்களோ மகளோ ‘1’ என்று பதில் அனுப்பியிருக்கலாம். அவர்கள் அந்தப் பதிவை எடுத்து நீட்டினால் உங்கள் வாதம் பாதியாகச் சுருங்கும். புகார் எழுதுவதற்கு முன்பு மகளை உட்காரவைத்து, திட்டாமல், விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றி இன்னொரு வார்த்தை. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மை. 1903இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பிலிருந்தே அது நிலைபெற்ற சட்டம். ஆனால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, செல்பேசியை அவள் கையில் கொடுத்தது நீங்கள். செல்பேசி நிறுவனத்தைப் பொறுத்தவரை எஸ்எம்எஸ் வந்தது உங்களிடமிருந்துதான். அந்த வாதத்தில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

டிராய்க்கு எழுதியதில் தவறில்லை. ஆனால் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை அந்த ஆணையத்துக்கு இல்லை. உங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டாலும் அது செல்பேசி நிறுவனத்துக்குத்தான் அனுப்பிவைக்கும். அங்கே பணம் வரும் என்று காத்திருந்தால் காலம்தான் போகும்.

முதல் வேலை, கட்டணமில்லா எண்ணான 155223-ஐ அழைத்துத் தினசரி சேவையை நிறுத்துவது. இதை இன்றே செய்யுங்கள். நாளைக்கு என்றால் இன்னும் ஐந்து ரூபாய்.

அடுத்து, இனம்வாரியான பயன்பாட்டு விவரத்தைக் கேளுங்கள். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் பில் உண்டு, எனக்கு எங்கே என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் தன் அழைப்புகள், எஸ்எம்எஸ்கள், அதிகக் கட்டணச் சேவைகள் ஆகியவற்றுக்குக் கழிந்த தொகையை வரிவரியாகக் கேட்டுப் பெறலாம். கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. 30 நாட்களுக்குள் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய விவரத்தைத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. எனவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, போய் அதை வாங்கிவாருங்கள் என்பதுதான்.

பிறகு செல்பேசி நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை எழுதி வையுங்கள். கூடவே மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் ஆத்திரம் வேண்டாம், இவ்வளவு போதும்:

“என் எண்ணில் இன்ன தேதியிலிருந்து இன்ன சேவைக்காக நாள்தோறும் 5 ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. இதற்கு நான் ஒப்புதல் தரவில்லை. டிராயின் 2013ஆம் ஆண்டு உத்தரவின்படி பெறப்பட்டிருக்க வேண்டிய இரண்டு ஒப்புதல்களின் பதிவைத் தர வேண்டும். தர இயலாவிட்டால் கழித்த தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். குறுங்குறியீட்டு எண்ணுக்கு அனுப்பிய எஸ்எம்எஸ்களின் கட்டணம் எந்த விளம்பரத்தில், எவ்வாறு அறிவிக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டும்.”

பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு செல்பேசி நிறுவனமும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகாரைத் தீர்ப்பதற்கான கெடு முடிந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். 39 நாட்களுக்குள் அதற்கு முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் ஆளே நிறுவனத்துக்கு எதிராகவா சொல்லப்போகிறார் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய தொகையில், ஒப்புதல் பதிவு இல்லாத இடத்தில், அவர்கள் பெரும்பாலும் வாதாடிக்கொண்டிருப்பதில்லை. திருப்பிக் கொடுத்துவிடுவது அவர்களுக்கே மலிவு. இப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

வானொலி நிலையத்துக்கும் தனியாக ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அதில் கேளுங்கள். கட்டணம் அறிவிக்கப்பட்டதா இல்லையா என்பதற்கு அந்தப் பதிவை விட நல்ல சாட்சி கிடையாது. நாள் போகப் போக அது கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஐந்து லட்சம் கேட்கலாமா?

கேட்பதற்குத் தடை இல்லை. கிடைக்குமா என்பது வேறு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுகிறேன். செல்பேசி நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவே முடியாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனதில் வைத்திருப்பது பழைய தந்திச் சட்டத்தை வைத்து 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், தொலைத்தொடர்புச் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை என்பதை, தொழில் தர்மத்தைக் கொஞ்சம் மீறியாவது, சொல்லிவைக்கிறேன்.

ஆனால் போட்டி நடத்தியவர்கள் மீது பெரிய தொகை கேட்பதற்கு முன்பு ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2007இல் புகழ்பெற்ற இந்தித் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர்களும் எஸ்எம்எஸ் மூலம் கலந்துகொள்ளும் போட்டி நடந்தது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 2 ரூபாய் 40 காசு. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. பரிசு இலவசம் போலக் காட்டிவிட்டு, அதற்கான பணத்தை மக்களின் எஸ்எம்எஸ் கட்டணத்திலிருந்தே எடுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று கூறி, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. நாளிதழ்கள் கொண்டாடின. ஆனால் 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. பரிசுப் பணம் எஸ்எம்எஸ் வருவாயிலிருந்துதான் வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது, ஆதாரம் இல்லை. இப்படிப்பட்ட போட்டிகள் எல்லாம் நியாயமானவை என்று அது சான்றிதழ் கொடுத்துவிடவில்லை. குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொன்னது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே வகைக் குற்றச்சாட்டுக்கு இடம் இருக்கிறது. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசை அறிவிப்பது, கட்டணத்துக்குள் அடக்கிவிட்டு இலவசம் போலக் காட்டுவது, இலவசப் பரிசுத் திட்டம் முடிந்தபின் இறுதி முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பது ஆகியவை அதன்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். ‘மூன்று மாதமாகப் புதிர் போகிறது, யார் ஜெயித்தார் என்று சொல்லவே இல்லை’ என்று கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிறபோக்கில் விட வேண்டிய விஷயம் அல்ல. பிரிட்டனில் ஒரு பெரிய வானொலிக் குழுமம், கேட்கும் ஒலி எது என்று கண்டுபிடிக்கச் சொன்ன போட்டியை இழுத்தடிப்பதற்காக, தவறான விடை வைத்திருந்தவர்களையே தேர்ந்தெடுத்து ஒலிபரப்பில் பேசவைத்தது. 2008இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதற்கு 11 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது. உங்கள் நிலையம் அப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இறுதி வெற்றியாளர் யார் என்று எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

என் தீர்மானம் இது. தினசரி சேவைக்குப் போன பணத்தைக் கேளுங்கள், கிடைக்கும் என்று நம்புகிறேன். 3 ரூபாய் எஸ்எம்எஸ்களுக்கு ஒலிப்பதிவும் விவரத்தாளும் கையில் வந்த பிறகு முடிவெடுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சில ஆயிரம் கேட்பது நியாயம். ஐந்து லட்சம் என்று மனுவில் எழுதினால், உங்கள் நியாயமான கோரிக்கையும் அதன் நிழலில் நம்பிக்கை இழந்துவிடும். வேண்டுமானால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். வழக்கு இல்லாமலே பல புகார்கள் அங்கே முடிந்துவிடுகின்றன. இதே போட்டியில் பணம் இழந்த அக்கம்பக்கத்தார் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் தொகை அப்போது அற்பமாகத் தெரியாது.

இனி பாட்டுக் கேட்பதென்றால்

எஃப்எம்மை அணைத்துவிடச் சொல்லமாட்டேன். நிலையத்தின் சாதாரண தொலைபேசி எண்ணை அழைத்துப் பாட்டுக் கேட்டால், உங்கள் அளவில்லா அழைப்பு பேக்கிலேயே அது அடங்கிவிடும். வாட்ஸ்அப் எண் கொடுத்தால் இணையச் செலவு மட்டும்தான். ஐந்து இலக்க எண்ணை அழைத்துப் பேசச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே நிமிடக் கணக்கில் கழியும்.

எந்த வழியில் அனுப்பினாலும் உங்கள் எண் அவர்கள் பட்டியலில் சேர்கிறது. அதன் பிறகு நகைக்கடை, மனை விற்பனை என்று அழைப்புகள் வரத் தொடங்கினால் 1909இல் புகார் செய்யலாம். டிராய் விதிகளில் 2025இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் புகார் கொடுத்தால் போதும்.

இத்தனை கடிதங்களையும் யார் எழுதித் தருவார்கள், அதற்கு ஆகும் செலவு 640 ரூபாயைத் தாண்டிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் வட்டத்தின் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். விவரத்தாள், புகார் எண், அந்த ஸ்கூட்டர்காரர் அழைத்த செல்பேசி எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.